அபி ரூஜ்: குப்பியில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்த பிறகு

ஒரு வாசனைத் திரவியத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன் அதன் குப்பியில் மூன்றில் ஒரு பங்காவது தீர்ந்திருக்க வேண்டும் என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. தெளிப்பானை ஒருமுறை அழுத்தினால் ஏறத்தாழ 0.1 மில்லிலிட்டர் வெளிவருகிறது; அந்தக் கணக்கில் 100 மில்லிலிட்டர் குப்பி ஆயிரம் அழுத்தங்களுக்குக் காணும். நாளொன்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்கு ஐந்தரை மாதங்கள் ஆகும். கெர்லான் நிறுவனத்தின் ஆண்களுக்கான திரவியமான அபி ரூஜ் விஷயத்தில் இந்தக் கட்டுப்பாடு எனக்கு நல்லதைச் செய்தது. முதல் வாரத்திலேயே எழுத உட்கார்ந்திருந்தால், பழைய காலத்து எலுமிச்சைத் தைலம், அதன்மேல் யாரோ பவுடரைக் கொட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். இன்று அதே குப்பியைப் பற்றி நான் சொல்ல விரும்புவது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானது.

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு எழுத்தில் தொடக்கத்தில் இருக்கும் ஹகரம் ஒலிக்கப்படுவதில்லை என்பதால் இதை அபி ரூஜ் என்றே சொல்ல வேண்டும். குதிரையேறி வேட்டைக்குப் போகிறவர்கள் அணியும் சிவப்பு மேலங்கியை அந்தப் பெயர் குறிக்கிறது. 1965ல் இதை உருவாக்கிய ழான் போல் கெர்லான் குதிரையேற்றத்தில் பெரும் ஈடுபாடு உடையவர்; 1828ல் பாரிஸில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் குடும்பத்தில் பிறந்தவர்; 1925ல் ஷாலிமார் என்ற பெண்களுக்கான திரவியத்தை உருவாக்கிய ழாக் கெர்லானின் பேரன். இந்த உறவுமுறையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் பயன்படும். சிவப்பு மேலங்கி, குதிரை, சேணம் என்றெல்லாம் கேள்விப்பட்டுவிட்டுக் குப்பியைத் திறக்கிறவர் தோலும் புகையும் வியர்வையும் கலந்த ஒரு முரட்டு மணத்தை எதிர்பார்ப்பார். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

வந்தது எலுமிச்சை. பழச்சாற்றின் மணம் அன்று. பழத்தின் தோலை நகத்தால் கீறும்போது கண்ணில் தெறிக்கிறதே, அந்த எண்ணெயின் மணம். கூடவே பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழமும் ஆரஞ்சும் சேர்ந்து, புளிப்பைவிடக் கைப்பை அதிகமாகக் காட்டுகின்றன. இதுவரை குறையில்லை. சிக்கல் என்னவென்றால், அந்தக் கூர்மைக்குக் கீழே, அதே நொடியிலேயே, உலர்ந்த மாவு போன்ற ஒரு மென்மணம் எழுந்து வருகிறது. ஈரமும் உலர்வும் ஒன்றையொன்று கவனிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பல் துலக்கி முடித்த வாயோடு எலுமிச்சையை மென்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடங்கள் எனக்கு அப்படித்தான் இருந்தன. அதைக் கடையில் காகிதத் துண்டில் தெளித்து முகர்ந்தபோது இந்தப் பொருந்தாமை இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. காகிதத்துக்கு உடலின் சூடு கிடையாது. அதில் தெளித்த திரவியம் நகராமல் அங்கேயே நிற்கிறது.

தோலில் நிலைமை வேறு. நம் தோலின் மேற்பரப்பு 33 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இருக்கிறது. திரவியத்தில் பெரும்பகுதியாக இருக்கும் எத்தில் ஆல்கஹால் அந்தச் சூட்டில் ஓரிரு நிமிடங்களுக்குள் பறந்துவிடும். பிறகு ஒவ்வொரு மணப்பொருளும் தன் இயல்புக்கேற்ப விடைபெறத் தொடங்குகிறது. எலுமிச்சை இனப் பழத்தோல்களின் எண்ணெயில் மிகுதியாக உள்ள லிமோனின் 176 டிகிரியில் கொதிக்கும்; வெனிலா மணத்துக்குக் காரணமான வெனிலின் 285 டிகிரியில்தான் கொதிக்கும். இரண்டின் மூலக்கூறு எடையும் பெரிதாக வேறுபடவில்லை என்றாலும் ஒன்று அவசரக்காரன், மற்றது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மனமில்லாதது. மேல்மணம், நடுமணம், அடிமணம் என்று வாசனைக்காரர்கள் பிரித்துச் சொல்வதெல்லாம் அடிப்படையில் இந்த ஆவியாகும் வேகத்தைப் பற்றிய கணக்குதான். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள், உராய்வின் சூட்டில் மேல்மணம் விரைவில் ஓடிவிடும் என்று பலரும் எச்சரிப்பார்கள். இந்தத் திரவியத்தின் மேல்மணம் எனக்கு ஒத்துவராததால், முதல் மாதத்தில் நான் வேண்டுமென்றே தேய்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில் எலுமிச்சை தணிகிறது. அப்போது வருவது ஆரஞ்சுப் பூவின் மணமும், அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மசாலாச் சூடும். இலவங்கப்பட்டை தெளிவாகத் தெரிகிறது. கிராம்பை நினைவூட்டும் இன்னொரு காரமும் இருக்கிறது. அது கார்னேஷன் பூவின் சாயல். கிராம்புக்கு அதன் மணத்தைக் கொடுக்கும் யூஜினால் என்ற பொருள் கார்னேஷன் பூவிலும் இருப்பதால், அந்தப் பூ மணத்தைக் காட்டும் எந்தத் திரவியமும் கொஞ்சம் மசாலாப் பெட்டியைத் திறந்து வைத்தது போலத்தான் இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் நான் எதிர்பார்த்திருந்த தோல் மணம் முதன்முறையாகத் தலைகாட்டியது. வாசனைக் கலையில் தோல் மணம் என்று சொல்லப்படுவது தோலிலிருந்து எடுக்கப்படுவதன்று. பிர்ச் மரப்பட்டையைக் கரித்துப் பெறும் தாரின் புகை நெடியையும், ஐசோபியூட்டில் குவினோலின் போன்ற செயற்கைப் பொருள்களின் பச்சைக் கசப்பையும் வைத்துப் பதப்படுத்திய தோலின் தோற்றத்தை மூக்குக்கு உண்டாக்குவார்கள். தோல் மணத்தை முதன்மையாகக் கொண்ட திரவியங்களில் அது மூக்கை அறையும். அபி ரூஜில் அப்படியில்லை. பலகாலம் கையாண்டு மெழுகிட்டு மெருகேறிய ஒரு கையுறையின் உட்புறத்தைப் போல, பழகிய, சற்றே இனித்த தோலாக அது இருக்கிறது. குதிரை லாயத்துக்குள் நாம் நுழைவதில்லை; சவாரி முடித்துக் கையையும் முகத்தையும் கழுவிவிட்டு வந்து எதிரே அமர்ந்தவரிடமிருந்து வரும் எஞ்சிய மணம்தான் இது.

மூன்றாவது மணி நேரத்திலிருந்துதான் நான் இதன் ரசிகன்.

அந்த நேரத்தில் தோலில் மிஞ்சியிருப்பவை வெனிலா, பென்சாயின் பிசின், பச்சோலி, தோலின் மெல்லிய நிழல் ஆகியவை. இவற்றில் இரண்டு நம் காதுக்குப் பழக்கமான சொற்களோடு தொடர்புடையவை என்பதால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத் தோன்றுகிறது. பென்சாயின் என்பது ஸ்டைராக்ஸ் இன மரங்களின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின். நம் அகராதிகள் சாம்பிராணி என்ற சொல்லுக்கு அந்தப் பிசினைத்தான் பொருளாகத் தருகின்றன. ஆனால் அபி ரூஜில் அதை எரிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். புகை கிடையாது, புகைக்கு முந்தைய, கட்டியைக் கையில் உடைக்கும்போது வரும் இனிப்பான பிசின் மணம்தான் இருக்கிறது. முதல் பத்து நிமிடங்களில் என்னை உறுத்திய அந்த மாவுத்தன்மையும் உண்மையில் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது. எலுமிச்சை நிற்கும்போது பொருந்தாமல் இருந்த அதே பொருள், அது போன பிறகு தன் இடத்தில் சரியாக அமர்ந்துகொள்கிறது. பச்சோலி என்ற பெயரோ தமிழ்ப் பச்சிலையிலிருந்து பிறந்தது என்று சொற்பிறப்பாளர்கள் சொல்கிறார்கள். ஈர மண், பழைய மரப்பெட்டி, சிறிது கற்பூரக் குளிர்ச்சி என்று பல முகங்கள் கொண்ட அந்த இலையின் எண்ணெய் இங்கே மிக அடக்கமாகப் பயன்பட்டிருக்கிறது. வெனிலாவின் இனிப்பு மேலெழும்போதெல்லாம் பச்சோலியின் கருமை அதைக் கீழே பிடித்து இழுக்கிறது. இந்த இழுபறிதான் இத்திரவியத்தின் உயிர் என்று நினைக்கிறேன். இரண்டில் ஒன்று வென்றுவிட்டால் மணம் சலித்துப்போய்விடும்.

வெனிலா என்றவுடன் பலரும் இனிப்புப் பண்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தவறான எண்ணத்தை இந்தத் திரவியம் தீர்த்துவைக்கும். ஓர் ஆர்க்கிட் கொடியின் காயைப் பல மாதங்கள் வாட்டியும் உலர்த்தியும் பதப்படுத்திப் பெறுகிற வெனிலாவில் வெனிலின் மட்டும் இருப்பதில்லை. புகையிலை, உலர்ந்த மரம், லேசான மதுவின் சாயல் என்று அதற்குப் பல அடுக்குகள் உண்டு. 1874ல் வெனிலினைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு அந்த இனிப்பைத் தனியாகப் பிரித்து எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்ற முடிந்தது. இன்று சந்தையில் உள்ள இனிப்பான ஆண் திரவியங்கள் பலவும் அந்த வசதியின் பிள்ளைகள். அபி ரூஜின் வெனிலா அவற்றைவிட உலர்ந்தது. நாக்கில் ஊறும் இனிப்பாக இல்லாமல், தோலில் படிந்த சூடாகவே அதை நான் உணர்கிறேன். இத்தகைய கலவையை வாசனைத் துறையில் அம்பர் என்பார்கள். அது மரப்பிசின் கல்லான அம்பரும் இல்லை, திமிங்கலத்திலிருந்து கிடைக்கும் அம்பர்கிரிஸும் இல்லை. லாப்டனம் என்ற பிசின், வெனிலா, பென்சாயின் போன்றவற்றைச் சேர்த்துக் கட்டும் ஒரு மணத்தின் பெயர், அவ்வளவுதான். கீழைத்தேய வகை என்று நெடுங்காலம் வழங்கிவந்த குடும்பத்தையும் இப்போது பலர் அம்பர் வகை என்றே அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இப்போது ஷாலிமாருக்குத் திரும்புகிறேன். மேலே பெர்கமாட்டின் பளிச்சிடல், கீழே வெனிலாவும் பிசின்களும், இடையில் கொஞ்சம் தோலும் புகையும் என்ற அதே கட்டுமானத்தைத்தான் பேரனும் எடுத்தாண்டிருக்கிறார் என்பது இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால் தெளிவாகும். தாத்தா பெண்களுக்காகக் கட்டிய வீட்டைப் பேரன் நாற்பது ஆண்டுகள் கழித்து ஆண்களுக்குத் திறந்துவிட்டார். சில சுவர்களை இடித்துச் சாளரங்களைப் பெரிதாக்கினார், பூக்களைக் குறைத்து மசாலாவைக் கூட்டினார், அடித்தளத்தைத் தொடவில்லை. அப்படியானால் இதில் ஆண்மை எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. ஐந்தரை மாதங்களாக நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆண்களின் மணம் இன்னதுதான் என்று நாம் நினைப்பதற்குப் பெரும்பாலும் ஒரு சில வெற்றிகரமான குப்பிகளே காரணம். 1882ல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் போல் பார்க்கே உருவாக்கிய ஃபூஜேர் ரொயால், கூமரின் என்ற செயற்கைப் பொருளை லாவெண்டரோடும் ஓக் மரப்பாசியோடும் சேர்த்தது. சவரக் கடைகளில் இன்றும் வீசும் மணங்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 1889ல் வந்த கெர்லானின் ஜிக்கியில் அதே லாவெண்டரும் கூமரினும் வெனிலினோடு சேர்ந்தன; அதை ஆண்களும் பூசினார்கள், பெண்களும் பூசினார்கள். 1959ல் ழான் போல் கெர்லான் தன் இளம் வயதில் உருவாக்கிய வெட்டிவெர், பெயரையும் மூலப்பொருளையும் நம் வெட்டிவேரிலிருந்து எடுத்துக்கொண்டு, உலர்ந்த வேர் மணத்தை ஆண்களுக்குரியதாக நிலைநாட்டியது. 1966ல், அதாவது அபி ரூஜுக்கு அடுத்த ஆண்டிலேயே, எட்மான் ரூட்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்துக்காக உருவாக்கிய ஓ சவாஜ் வந்தது. ஹெடியோன் என்ற பொருளின் துணையோடு எலுமிச்சைக்குக் காற்றோட்டமும் ஒளியும் கொடுத்த அந்தத் திரவியம், ஆண் என்றால் குளித்துவிட்டு வந்த புத்துணர்ச்சி என்ற எண்ணத்தைப் பரப்பியது. இவற்றுக்கு நடுவே வெனிலாவையும் மாவுத்தன்மையையும் ஆணின் மேலங்கியில் வைத்துத் தைத்த அபி ரூஜ், ஆண்களுக்கான கீழைத்தேய வகையின் முதல் திரவியமாகக் கருதப்படுகிறது. ஆண்களின் குப்பிகளில் இனிப்பு பெருவழக்காவதற்கு 1995ல் ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் உருவாக்கிய லெ மால் என்ற திரவியத்தின் வெற்றி வரை, இன்னும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே 1965ல் இதைத் தெளித்துக்கொண்டு வெளியே போன ஓர் ஆண் கொஞ்சம் துணிச்சல்காரனாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்று அதே துணிச்சல் வேறொரு வகையில் தேவைப்படுகிறது. இப்போதைய ஆண் திரவியங்களில் உரத்த மரமணமும் கூர்மையான செயற்கை அம்பரும் பரவலாக இருக்கின்றன. அறைக்குள் ஆள் வருவதற்கு முன்னரே அவை வந்துவிடும். அவற்றுக்குப் பழகிய மூக்குக்கு அபி ரூஜ் பழைய உடுப்பாகத் தெரியலாம். என் அலுவலகத்தில் வயதில் இளைய ஒருவர், மிகவும் மரியாதையாக, "சார், இது பெண்களுக்கானது மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் சொன்னது தெளித்த ஐந்தாவது நிமிடத்தில். அன்று மாலை வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, அவரே பேச்சை நிறுத்திவிட்டு, என்ன பூசியிருக்கிறீர்கள் என்று கேட்டார். காலையில் தான் குறைசொன்ன அதே திரவியத்தைப் பற்றித்தான் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி அளவைப் பற்றி. மணத்துக்கு நம் மொழியில் எத்தனையோ சொற்கள் இருப்பதன் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. கமழ்வது வேறு, வீசுவது வேறு, நெடியடிப்பது வேறு. நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்துவிட்டு இன்று எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் பயணத்தை ஒரே திரவியம் இரண்டு அழுத்தங்களுக்கும் ஐந்து அழுத்தங்களுக்கும் இடையில் முடித்துவிடும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாவது மாதத்தில் ஒருநாள், என் மணம் எனக்கே தெரியவில்லை, குப்பி காற்றுப் போய்விட்டதோ என்று எண்ணி, கழுத்தில் இரண்டு, மார்பில் ஒன்று, மணிக்கட்டுகளில் ஒவ்வொன்று என ஐந்து முறை அழுத்திவிட்டு ஒரு நீண்ட கார்ப் பயணத்துக்குக் கிளம்பினேன். கார் பத்து நிமிடம்கூட ஓடியிருக்காது. பக்கத்தில் இருந்த நண்பர் ஒன்றும் சொல்லாமல் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். சிறிது நேரம் கழித்துப் பின்னிருக்கையிலும் கண்ணாடி இறங்கியது. எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

குறை குப்பியில் இல்லை, என் மூக்கில். ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களுக்குள் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். தன் வீட்டின் வாசனை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான். தன் மேல் வீசும் திரவியத்தை ஒருவர் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார் என்பது கிட்டத்தட்ட உறுதி. வெனிலாவும் பிசின்களும் நிறைந்த கனத்த திரவியங்களில் இது இன்னும் ஆபத்தானது. எலுமிச்சைத் தைலத்தை அதிகம் பூசினால் அரைமணி நேரத்தில் தண்டனை முடிந்துவிடும், இதில் எட்டு மணி நேரம் அனுபவிக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு நான் இரண்டு அழுத்தங்களைத் தாண்டியதில்லை. ஒன்று மார்பில், சட்டைக்கு உள்ளே. இன்னொன்று ஒரு மணிக்கட்டில். மார்பில் தெளித்தது துணிக்குள்ளிருந்து உடலின் சூட்டோடு சிறிது சிறிதாக மேலே வரும். மணிக்கட்டில் தெளித்தது என் சொந்தச் சோதனைக்கு.

இந்த இரண்டு அழுத்தங்கள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதற்கு என் அக்காவே சாட்சி. நான் வெளியே கிளம்பிப் போய்க் கால் மணி நேரம் கழித்து என் அறைக்குள் வந்தவள், நான் திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "யாருடா வந்துட்டுப் போனாங்க?" என்பது. நான்தான் அக்கா என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. கையை இழுத்து மணிக்கட்டை முகர்ந்து பார்த்தாள். கடந்துபோன ஆளின் பின்னால் காற்றில் நிற்கும் மணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் சிலாஜ் என்கிறார்கள். படகு போன பின் நீரில் நிற்கும் தடத்துக்கும் அதே சொல்தான். அபி ரூஜின் தடம் அகலமானதன்று. கைநீட்டினால் எட்டும் தொலைவுக்குள் அது நின்றுவிடும், ஆனால் அறையை விட்டு எளிதில் போகாது. எனக்கு அந்த அளவு போதும்.

பருவநிலையும் முக்கியம். கடும் வெயிலில் இதைப் பூசிக்கொண்டு அலைந்த இரண்டு நாள்களும் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. வியர்வையோடு வெனிலா சேரும்போது இழுபறி குலைந்து இனிப்பு மட்டும் மேலே மிதக்கிறது, மாவுத்தன்மை பிசுபிசுப்பாகிவிடுகிறது. குளிர்ந்த காலைகளிலும், மழை பெய்து ஓய்ந்த மாலைகளிலும், குளிரூட்டிய அறைகளிலும் இது தன் முழு வரிசையையும் நிதானமாகக் காட்டுகிறது. மழைக்காலத்தில் என் மதிப்பீடு ஒரு படி உயர்ந்தது என்றே சொல்வேன். காற்றில் ஈரம் இருக்கும்போது பச்சோலியின் மண் மணம் கூடுதலாக எழுவது போல எனக்குப் பட்டது.

நான் பயன்படுத்துவது ஓ டி டாய்லெட். இதன் ஓ டி பர்ஃபம் வடிவத்தையும் ஒரு சிறு மாதிரிக் குப்பியில் சில வாரங்கள் போட்டுப் பார்த்தேன். பொதுவாக முன்னதில் மணப்பொருள் 5 முதல் 15 விழுக்காடு வரையிலும், பின்னதில் 15 முதல் 20 விழுக்காடு வரையிலும் இருக்கும் என்பார்கள். ஆனால் அளவு மட்டும் கூடியிருக்கிறது என்று நினைத்து வாங்குகிறவர் ஏமாறுவார். ஓ டி பர்ஃபத்தில் எலுமிச்சை சீக்கிரம் பின்வாங்கிவிடுகிறது. வெனிலாவும் பச்சோலியும் தோலும் முன்னுக்கு வருகின்றன. தொடக்கத்தின் பொருந்தாமை பிடிக்காதவருக்கு அது எளிதான வாசல். எனக்கோ, அந்தப் பொருந்தாமை கலைந்து ஒழுங்குக்கு வரும் இருபது நிமிடங்கள் இப்போது பிடித்துவிட்டன, தேய்ப்பதையும் நிறுத்திவிட்டேன். நேராக மூன்றாம் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் வடிவத்தில் எனக்கு ஏதோ விட்டுப்போனது போல இருக்கிறது. நிலைத்து நிற்பதில் ஓ டி பர்ஃபம்தான் மேல்: என் தோலில் ஓ டி டாய்லெட் எட்டு மணி நேரம் நின்றால் அது பத்தைத் தாண்டுகிறது.

குப்பியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீள்சதுரம், கையில் கனம், உள்ளே செம்மை கலந்த திரவம். அந்த நிறத்தின் காரணமாக வெள்ளைத் துணியின் மேல் நேரடியாகத் தெளிக்காமல் இருப்பது நல்லது. வெயில் படும் தோலிலும் எந்தத் திரவியத்தையும் தெளிக்காமல் இருப்பது பழைய வழக்கம். பெர்கமாட் எண்ணெயில் இயல்பாக உள்ள பெர்காப்டென் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சிவக்கவும் கருக்கவும் செய்யும் என்பது அதன் காரணம். இப்போது அதை நீக்கிய எண்ணெயே பெரும்பாலும் பயன்படுகிறது என்றாலும் சட்டைக்குள் தெளிக்கும் பழக்கத்தால் நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குப்பியை வெளிச்சமும் சூடும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். குளியலறை அதற்கு ஏற்ற இடமன்று. எலுமிச்சை மணங்கள்தாம் முதலில் கெடும்.

இதை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், ஆண்களின் திரவியம் என்றால் கடல் காற்று, நீலநிறக் குப்பி, உலோகக் கூர்மை என்று அலுத்துப்போனவர்களுக்கு. தனக்கு எதிரே அமர்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் பொருந்தும். பெண்கள் பூசினாலும் இதில் எதுவும் குறையாது. என் அக்கா இரண்டுமுறை கேட்காமலே எடுத்துப் பூசிக்கொண்டாள், இரண்டு முறையும் என்னைவிட அவளிடம் ஆரஞ்சுப் பூ அழகாக வெளிப்பட்டது. அறையில் நுழைந்தவுடன் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கும், நாளெல்லாம் வெயிலில் நின்று வேலை செய்கிறவருக்கும், பவுடர் மணம் என்றாலே ஒவ்வாதவருக்கும் இது வேண்டாம்.

வாங்கும் எண்ணம் இருந்தால் காகிதத் துண்டை வாங்கி முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மணிக்கட்டில் ஒருமுறை மட்டும் தெளித்துக்கொண்டு, எதையும் வாங்காமல் கடையை விட்டு வெளியே நடந்துவிடுங்கள். வேறு வேலையைப் பாருங்கள். மூன்று மணி நேரம் கழித்து அந்தக் கை தற்செயலாக முகத்தருகே வரும்போது என்ன தோன்றுகிறது என்று கவனித்துவிட்டு, அடுத்த நாள் திரும்பிப் போகலாம்.